மாந்தோப்பு நால்வர்: ஒரே முகத்தை நான்காகப் பிரித்த பணிப் பதிவு

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொடுக்கும் சிறு கடை ஒன்றை நடத்திவருகிறேன். பகல் முழுவதும் பத்திர நகல், பயோடேட்டா, மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழ் என்று வேலை ஓடும். இரவு எட்டரை மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் படக்கதை வரைவேன். சென்ற பங்குனியில் ‘மாந்தோப்பு நால்வர்’ என்று நான் பெயரிட்ட பதினாறு பக்கச் சாகசப் படக்கதையின் முதல் இதழை முடித்து, ஏ4 தாளின் இருபுறமும் நகலெடுத்து, நடுவே மடித்து இரண்டு பின் அடித்து, முப்பது படிகள் தயாரித்தேன். ஒரு படிக்கு நான்கு தாள்தான் செலவு என்பதால் பிழை நேர்ந்தாலும் கையைக் கடிக்காது என்று எண்ணியிருந்தேன். முதல் படியை ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகளிடம் கொடுத்தேன். அவள் ஆறாம் பக்கம் வரை அமைதியாகப் படித்துவிட்டு, அணைக்கட்டின் மேல் நால்வரும் வரிசையாக நிற்கும் படத்தில் விரலை வைத்துக் கேட்டாள்:

“மாமா, ஒரே ஆளு எதுக்கு நாலு எடத்துல நிக்கிறாரு?”

அந்தக் கேள்வியிலிருந்து மீண்டு, அந்த நால்வரையும் நான்கு பேராக ஆக்குவதற்கு எனக்குக் கார்த்திகை வரை ஆயிற்று. என்ன செய்தேன், எது பயன்பட்டது, எதில் வீணாக மை செலவழித்தேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். இதே வேலையில் இறங்கும் ஒருவருக்குச் சில இரவுகளாவது மிச்சமாகக்கூடும்.

முதலில் பழுதைச் சொல்ல வேண்டும். நால்வரின் பெயர்கள் மாவலியன், மாவேகன், மாவேலன், மாமதி. மாம்பழத்துக்குப் பேர்போன மாவட்டம் என்பதால் எல்லாப் பெயரும் ‘மா’ என்று தொடங்க வேண்டும் என்ற சிலேடை ஆசை எனக்கு இருந்தது. நால்வருக்கும் வயது இருபத்தைந்து, நால்வருக்கும் தோளிலிருந்து தொங்கும் அங்கி, கண்ணைச் சுற்றி முகமூடி, மார்பில் ஓர் எழுத்து. நால்வரும் பறப்பார்கள். நால்வரும் அநீதியைக் கண்டால் ஒரே அளவு கொதிப்பார்கள், ஒரே அளவு பணிவாகப் பேசுவார்கள். மாமதி பெண் என்பதற்கு அடையாளமாக நீண்ட கூந்தலும் ஒடுங்கிய இடையும் தவிர வேறொன்றையும் நான் கொடுத்திருக்கவில்லை. கணினித் திரையில் பார்த்தபோது இதெல்லாம் குறையாகத் தெரியவே இல்லை, ஏனெனில் ஒருவருக்குச் சிவப்பு, ஒருவருக்குப் பச்சை, ஒருவருக்கு நீலம், ஒருவருக்கு ஊதா என்று பூசியிருந்தேன். கறுப்பு வெள்ளை நகலில் அந்தச் சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாக விழுந்தன. நாள் முழுவதும் கலர் தாள்களைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்துக்கொடுப்பவன் இதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னால் என்னிடம் மறுமொழி இல்லை.

எனவே சித்திரை மாதம் முழுவதும் சாம்பலைச் சரிசெய்வதில் கழிந்தது. ஒருவருக்கு அடர்ந்த கறுப்பு, ஒருவருக்கு நடுத்தரச் சாம்பல், ஒருவருக்கு இளஞ்சாம்பல், ஒருவருக்கு வெள்ளை என்று பிரித்தேன். அடர்ந்த கறுப்பு பெரிய பரப்பில் வந்தபோது டோனர் திட்டுத்திட்டாகப் பிடித்தது. இரண்டு சாம்பல்களும் இயந்திரத்தின் மனநிலைக்கேற்ப ஒருநாள் வேறுபட்டும் மறுநாள் ஒன்றாகவும் வந்தன. இதில் எனக்கு ஓர் ஆறுதல் உண்டு. அமெரிக்காவில் 1962ஆம் ஆண்டு ஹல்க் என்ற படக்கதை நாயகன் முதன்முதலாக அச்சேறியபோது அவன் சாம்பல் நிறத்தில்தான் இருந்தான். அச்சில் அந்தச் சாம்பல் பக்கத்துக்குப் பக்கம் மாறி மாறி விழுந்ததால் இரண்டாவது இதழிலேயே பச்சைக்கு மாற்றிவிட்டார்கள். அவ்வளவு பெரிய அச்சகத்துக்கே அடங்காத சாம்பல் என் பழைய நகல் இயந்திரத்துக்கு அடங்கும் என்று நான் எதிர்பார்த்தது அதிகப்படியே. இறுதியில் சாம்பலை முற்றிலும் கைவிட்டு, நிழல் வேண்டிய இடங்களில் 0.5 பேனாவால் கோடுகளை நெருக்கமாக இழுத்தேன். கோடு எந்த இயந்திரத்திலும் கோடாகவே விழும்.

நிறமாற்றத்தால் ஆகும் காரியம் உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மின்னல் வேகத்தில் ஓடும் அமெரிக்கப் படக்கதை வீரரான ஃபிளாஷின் இளந்துணைவன் கிட் ஃபிளாஷ் 1959இன் இறுதியில் அறிமுகமானபோது, மூத்தவர் அணிந்த அதே சிவப்பு உடையின் சிறிய அளவைத்தான் அணிந்திருந்தான். இருவரும் ஓடும்போது ஒருவர் பெரியவர், மற்றவன் சிறியவன் என்பதைத் தவிர வேறு வேறுபாடு இல்லை. 1963இல் அவனுக்கு மஞ்சள் உடை கொடுத்தார்கள். முடியையும் வெளியே தெரியும்படி விட்டார்கள். அந்த மஞ்சளைவிட வெளியே தெரிந்த முடிதான் எனக்குப் பாடமாகப் பட்டது, ஏனெனில் அதை நகலெடுத்தாலும் அது முடியாகவே இருக்கும்.

அடுத்தது நிழலுருச் சோதனை. நான்கு செங்கற்களின் மேல் ஒரு ஜன்னல் கண்ணாடியை வைத்து, அடியில் எல்.இ.டி. விளக்கைப் பொருத்தி, பழைய பக்கங்களை அதன்மேல் பரப்பி, உருவங்களின் வெளிக்கோட்டை மட்டும் வேறு தாளில் எடுத்து, உள்ளே முழுவதும் கேம்லின் இந்தியன் இங்க்கால் நிரப்பினேன். பன்னிரண்டு நிழலுருக்களை வெட்டி அக்கா மகளின் முன்னால் பரப்பி, யார் யாருடையது என்று பிரித்து அடுக்கச் சொன்னேன். மாமதியின் மூன்றைக் கூந்தலைப் பார்த்து எடுத்துவிட்டாள். மீதி ஒன்பதையும் ஒரே அடுக்காக வைத்துவிட்டு, “இதெல்லாம் ஒரு செட்டு” என்றாள். அவள் சொன்னதில் தவறில்லை. மூன்று ஆண்களையும் நான் ஒரே எலும்புக்கூட்டின் மேல் வரைந்திருந்தேன். இயல்பான மனித உடலைத் தலையின் அளவால் அளந்தால் ஏறக்குறைய ஏழரைத் தலை உயரம் வரும். சாகச வீரர்களை எட்டுத் தலையோ அதற்கு மேலோ வைத்து வரைவது அமெரிக்கப் படக்கதைகளின் வழக்கம். நானும் அந்த எட்டை மனப்பாடமாகப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் எட்டே போட்டிருந்தேன்.

இப்போது வலிமைக்காரனுக்கு ஆறு தலை, வேகக்காரனுக்கு எட்டரை, வேல்காரருக்கு ஏழு, பெண்ணுக்கு ஏழரை என்று பிரித்தேன். ஆறு தலை உயரத்தில் ஒருவனை அகலமாக வரைந்தபோதுதான், அவன் நிற்கும் இடத்தில் தரை சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும் என்று கை தானாகவே உணர்ந்தது. பெயர்களையும் அன்றிரவே மாற்றினேன். முறையே கருங்கல்லன், சூறை, எறிவேலன், ஆற்றின் பெயரான பெண்ணை. நான்கு பெயர்களின் முதலெழுத்தும் வெவ்வேறு வடிவம் கொண்டவை. பேச்சுக் குமிழியில் ஒரு பெயரை வாசகர் முழுதாகப் படிப்பதில்லை, முதலெழுத்தின் வடிவத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். சிலேடையை விட்டுக்கொடுத்தது வருத்தம்தான். குழுவின் பெயரில் மாந்தோப்பு மிச்சமிருக்கிறது என்று தேற்றிக்கொண்டேன்.

அந்த வாரம் ஒரு வேலையாகத் தருமபுரி சென்றபோது அங்குள்ள அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்தேன். முன்பும் பார்த்திருக்கிறேன், ஆனால் இந்தக் கண்ணோடு பார்த்ததில்லை. ஆயுதமேந்திய வீரன், மடக்கிய முழங்கால், பாய்வதற்கு முந்தைய நிலை. ஒரு கல்லை அடுத்த கல்லிலிருந்து பிரித்தறிய நான் திணறினேன். இன்னார் ஆட்சியாண்டில், இந்த ஊர் ஆநிரையை மீட்டு, இன்னார் பட்டான் என்று கல்வெட்டு சொல்கிறதே தவிர, உருவம் தன் பெயரைச் சொல்வதில்லை. நட்டவர்களுக்கு அந்த வீரனை நேரில் தெரியும், அதனால் அவர்களுக்கு அது போதும். வட்டெழுத்துத் தெரியாத எனக்கு எல்லாரும் ஒருவரே. நான் நால்வரின் மார்பில் எழுதிய எழுத்து அந்தக் கல்வெட்டின் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது என்பது அங்கே நின்றபோது உறைத்தது. வீட்டுக்கு வந்ததும் நான்கு எழுத்தையும் அழித்தேன்.

வைகாசியில் ஒரு திரௌபதியம்மன் கோயில் பாரதத்துக்குப் போயிருந்தேன். எங்கள் பக்கத்தில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் பல நாள் தொடர்ந்து நடந்து, துரியோதனன் படுகளத்தில் முடியும். வீர வேடங்கள் பலவும் கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம், சலங்கை என்று ஏறக்குறைய ஒரே கட்டுமானத்தில் வருவதால், என்னுடைய சிக்கல் கூத்துக்காரருக்கும் உண்டு என்று நினைத்துத்தான் போனேன். ஆனால் அவர்கள் அதை வேடத்தில் தீர்ப்பதில்லை. இருவர் திரையைப் பிடித்து நிற்க, வேடக்காரர் பின்னால் நின்று பாடத் தொடங்குகிறார். திரைக்கு அடியில் தெரிவது பாதங்கள் மட்டுமே. அன்று துரியோதனன் வந்தபோது இரண்டு பாதங்களும் அகன்று ஊன்றி, சலங்கை ஒரே ஒருமுறை அதிர்ந்து நின்றது. அடுத்து வந்த இளைய வேடத்தின் பாதங்களோ பாட்டு முடியும்வரை ஓரிடத்தில் நிற்கவே இல்லை. திரை விலகுவதற்கு முன்பே, என் பக்கத்தில் போர்வை போர்த்தி அமர்ந்திருந்த பாட்டி யார் வருகிறார் என்பதைச் சொல்லிவிட்டார்.

அந்த உற்சாகத்தில் நான் செய்த முதல் காரியம் அபத்தமானது. கருங்கல்லனுக்குக் கூத்துக் கிரீடமும் புஜக்கட்டையும் வரைந்து பார்த்தேன். பள்ளி ஆண்டுவிழா மாறுவேடப் போட்டிக்கு வந்தவனைப்போல் இருந்தான். இரண்டு இரவு வேலை குப்பைக்குப் போனது. எடுத்துக்கொள்ள வேண்டியது பாதத்தை என்று மூன்றாம் இரவில்தான் புரிந்தது. ஒவ்வொருவரும் ஒரு காட்சிக்குள் நுழையும் முதல் கட்டத்தில் முகத்தைக் காட்டுவதில்லை என்று ஒரு விதியை எனக்கு நானே வைத்துக்கொண்டேன். கருங்கல்லன் நுழைந்தால் வெறுங்காலும் அதைச் சுற்றித் தெறித்த சரளையும் மட்டும் தெரியும். சூறை நுழைந்தால் கட்டத்தின் ஓரத்தில் ஒரு செருப்பு மட்டும் இருக்கும், மற்றதை எங்கோ விட்டுவிட்டு வந்திருப்பான். எறிவேலன் நுழைவதற்கு முன் வேலின் அடிமுனை தரையில் ஊன்றியிருக்கும். பெண்ணை வந்தால் ஈரக் காலடித் தடம்.

இவ்வளவு செய்த பிறகும், பக்கத்தை ஒரே மூச்சில் படித்தால் நால்வரும் ஒருவர் செய்வதை மற்றவரும் செய்யக்கூடியவர்களாகவே இருந்தார்கள். தோற்றம் பிரிந்துவிட்டது, ஆள் பிரியவில்லை. இங்கேதான் நான் நெடுநாள் தவறான திசையில் போனேன். ஒவ்வொருவருக்கும் புதிதாக ஒன்றைக் கூட்டிக்கொண்டே இருந்தேன். கருங்கல்லனுக்குத் தீப்பிடிக்காத தோல், சூறைக்கு எதிர்காலம் தெரியும் கனவு, எறிவேலனுக்கு விலங்குகளோடு பேசும் திறன். ஒருவருக்குக் கொடுத்த மறுவாரமே கதைக்குத் தேவைப்படும்போது மற்றவருக்கும் அதைப் போன்ற ஒன்றைக் கொடுக்க வேண்டியதாயிற்று. கூட்டக் கூட்ட நால்வரும் மீண்டும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். எல்லாம் உடையவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள்.

ஆடி மாதத்தில் கடைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, ‘இவரால் முடியாதது’ என்று தலைப்பிட்டு எழுதத் தொடங்கினேன். வேலை அன்றுதான் உண்மையில் தொடங்கியது. இதற்கு எனக்குத் துணிவு தந்தவர் அமெரிக்கப் படக்கதையின் வில்வீரர் கிரீன் ஆரோ. 1941இல் அறிமுகமானபோது அவர் பேட்மேனின் மறுபதிப்பைப்போலத்தான் இருந்தார். இவரும் கோடீசுவரர், இவருக்கும் ஓர் இளந்துணைவன், வௌவால் காருக்குப் பதில் அம்புக் கார், வௌவால் குகைக்குப் பதில் அம்புக் குகை. ஏறக்குறைய முப்பது ஆண்டு அப்படியே ஓடியது. 1969இல் ஓவியர் நீல் ஆடம்ஸ் அவருக்குத் தாடி வைத்து உடையை மாற்றினார். அதே ஆண்டில் எழுத்தாளர் டென்னி ஓ’நீல் அவருடைய சொத்து முழுவதையும் பறித்தார். தாடி கண்ணுக்குத் தெரியும் மாற்றம்தான், ஆனால் ஆளை மாற்றியது அந்த வறுமை என்றே நான் நினைக்கிறேன். பணம் போன பிறகுதான் அவர் ஏழைகளின் பக்கம் நின்று கோபமாகப் பேசத் தொடங்கினார். பேட்மேன் பேச முடியாத பேச்சு அது.

நம் ஊர் வாசகருக்கு இதைவிடப் பழகிய எடுத்துக்காட்டு இரும்புக்கை மாயாவி. பிரிட்டனில் 1962இல் பிறந்து, 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழில் வந்த அவருக்கு மின்சாரம் பாய்ந்தால் உடல் முழுவதும் மறைந்துவிடும், அந்த இரும்புக்கை மட்டும் மறையாது. முழுவதுமாக மறையும் வீரர் என்றால் கட்டத்தில் வரைவதற்கே ஒன்றும் இருந்திராது. மறைய முடியாத அந்த ஒரு கையைத்தான் நாம் இன்றுவரை நினைவில் வைத்திருக்கிறோம்.

நோட்டில் முதல் வரியாக, நால்வரும் பறப்பதை அடித்தேன். கருங்கல்லனிடமிருந்து ஓட்டத்தைப் பறித்தேன். அவனால் நடக்க மட்டுமே முடியும், பேருந்தைத் தவறவிடுவான். மேலும், எதையும் அவனால் அளவாகப் பிடிக்க முடியாது. தேநீர்க் கடையில் எவர்சில்வர் டம்ளர் அவன் விரலுக்குள் நெளிந்துவிடும் என்பதால் மேசைமேல் வைத்தபடியே குனிந்து குடிப்பான். சூறையிடமிருந்து சுமையைப் பறித்தேன். வேகமாக ஓடும்போது உள்ளங்கையில் அடங்குவதை மட்டுமே அவனால் எடுத்துச்செல்ல முடியும், ஆகவே தீயில் சிக்கிய குழந்தையைத் தூக்கிவர அவனால் ஆகாது, செய்தியைத்தான் கொண்டுசெல்வான். எறிவேலனின் வேல் முன்பு எறிந்ததும் தானே திரும்பிவரும். அந்தத் திரும்பலை நீக்கினேன். ஒரே வேல், எறிந்தால் நடந்துபோய் எடுத்துவர வேண்டும். அவரது இளமையையும் எடுத்துவிட்டு அறுபது வயதாக்கினேன். முழங்கால் வலியோடு ஒருவர் நடந்துபோய் எடுத்துவர வேண்டிய வேல் என்பதால், அதை அவர் எளிதில் எறியமாட்டார். பொறுமைசாலி என்று நான் ஒருமுறைகூட எழுதாமலேயே அவர் பொறுமைசாலியாகிவிட்டார். பெண்ணைக்கு நீர்தான் வலிமை என்பதால் நீர் இல்லாத நாளை வைத்தேன். கோடையில் தென்பெண்ணை மணலாகக் கிடக்கும்போது அவள் எல்லாரையும்போலக் குடத்தோடு குழாயடியில் நிற்கும் ஒரு பெண். இடையை ஒடுக்கிய உடையையும் தோளங்கியையும் நீக்கி, சேலையைத் தூக்கிச் செருகியபடி வரைந்தேன். அங்கிகள் நால்வரிடமிருந்தும் போயின.

தோற்றக் கதையிலும் இதே கழித்தலைச் செய்தேன். பழைய இதழில் மாந்தோப்பில் இடி விழுந்தபோது நால்வரும் அங்கே இருந்தார்கள், நால்வருக்கும் ஒரே நொடியில் சக்தி வந்தது. பேட்மேனின் இளந்துணைவனுக்கு ராபின் என்று பெயர்; அந்தப் பெயரில் வந்த இரண்டாமவனான ஜேசன் டாடுக்கும் இதே குறை இருந்தது. 1983இல் அறிமுகமானபோது முதல் ராபினைப் போலவே சர்க்கஸ் குடும்பத்துப் பிள்ளை, அதேபோலப் பெற்றோரைக் குற்றவாளியிடம் இழந்தவன். 1987இல் அந்தக் கதையை அழித்துவிட்டு, பேட்மேனின் காரிலிருந்தே சக்கரங்களைக் கழற்றித் திருடும் தெருப்பிள்ளையாக மாற்றி எழுதினார்கள். நான் இடியைச் சூறைக்கு மட்டும் விட்டுவைத்தேன். எறிவேலனுக்குத் தோற்றக் கதையே இல்லை, கேட்டால் பேச்சை மாற்றுவார்.

கருங்கல்லனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் அவனை வரைவதற்குத்தான் அதிகம் உழைத்தேன். தெரிந்தவர் ஒருவரோடு பர்கூர் பக்கம் கல் உடைக்கும் இடத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்திருந்தேன். கையால் உடைப்பவர் பாறையில் எடுத்தவுடன் ஓங்கி அடிப்பதில்லை. சம்மட்டியால் மெல்லத் தட்டி ஒலியைக் கேட்கிறார். கணீரென்றால் கல் முழுமையானது, மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல் ஓடியிருக்கிறது. பிறகு ஒரே கோட்டில் சிறு குழிகள் வெட்டி, ஆப்புகளை இறக்கி, ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக அடித்துக்கொண்டே போகிறார். கடைசி அடி முதல் அடியைவிடப் பலமானதாக இருப்பதில்லை. என் பழைய மாவலியன் பாறையைக் கண்டால் முட்டியை மடக்கி ஒரே குத்தாகக் குத்துவான். புதிய கருங்கல்லன் முதலில் விரல் மொட்டால் தட்டிவிட்டுக் காதைக் கொடுக்கிறான். அந்த ஒரு கட்டத்தை வரைந்த பிறகு அவனை வேறொருவரோடு குழப்பிக்கொள்ள என் கைக்கே முடியவில்லை. தலையில் முண்டாசு, புருவத்தில் கல்தூசி, முகமூடி இல்லை.

பேச்சுக்கு வருகிறேன். நால்வருக்கும் நான்கு எழுத்துருக்கள் என்று தொடங்கிய முயற்சி நகலில் எடுபடாமல் ஒரே நாளில் முடிந்தது. தமிழில் எழுதுபவருக்கு எழுத்துரு தேவையும் இல்லை. நம்மிடம் நீயும் நீங்களும் இருக்கின்றன, வாடாவும் வாங்களும் இருக்கின்றன. எறிவேலன் சிறு குழந்தையையும் ‘வாங்க’ என்பார். சூறை ஊர்ப் பெரியவரையும் அவசரத்தில் ‘நீ’ என்றுவிட்டுப் பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வான். பெண்ணை பெரும்பாலும் கேள்வியாகவே பேசுவாள். கருங்கல்லனுக்கு ஒரு குமிழிக்கு மூன்று சொற்களுக்கு மேல் கிடையாது. சூறையை ஓசூர்க்காரனாக வைத்தேன், ஆகவே கோபம் வந்தால் தெலுங்கு கலக்கும். ஓசூர்ப் பக்கம் வளர்ந்த எவருக்கும் அது இயல்பு. பெயர்களை மறைத்து இருபது வசனங்களைக் கடைப் பையனிடம் கொடுத்தேன். பதினேழைச் சரியாகச் சொன்னான். தவறிய மூன்றும் ‘நன்றி’, ‘சரி’, ‘போகலாம்’. அந்த மூன்றையும் நீக்கினேன்.

கடைசிச் சோதனையாக, நால்வரையும் ஒரே இக்கட்டில் நிறுத்தினேன். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி முற்றும் பனிக்காலத்தில் காட்டிலிருந்து யானைக் கூட்டம் வயலுக்குள் இறங்குவது எங்கள் மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த இரவு. பழைய கதையாக இருந்தால் நால்வரில் எவரும் பறந்துவந்து யானையைத் தூக்கிக்கொண்டுபோய்க் காட்டில் விட்டிருப்பார்கள், படம் நன்றாகவும் இருந்திருக்கும். புதிய கதையில் பரணில் காவலிருக்கும் விவசாயி ஒருவர் தகரத்தைத் தட்டுகிறார். கருங்கல்லன் வரப்பில் நிற்கிறான். யானையைத் தொட்டால் நொறுக்கிவிடுவோமோ என்ற அச்சத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறான். சூறை அதற்குள் நான்கு ஊர்களை எழுப்பிவிட்டான், ஆனால் எத்தனை யானை என்று எண்ணாமலேயே ஓடியதால் ஓர் ஊரில் மூன்று என்றும் இன்னோர் ஊரில் முப்பது என்றும் சொல்லியிருக்கிறான். எறிவேலன் பரணில் ஏறி விவசாயியின் அருகில் உட்கார்ந்து நிலவொளியில் எண்ணுகிறார்.

“ஏழு பெருசு, ரெண்டு குட்டிங்க. வேல எடுக்கவே வேணாங்க, நீங்க தட்டறத நிறுத்துங்க. குட்டி மெரண்டுச்சுன்னா தாய் திரும்பிரும்.”

பெண்ணை வற்றிய ஓடையில் முழங்காலிட்டு, இருக்கும் சிறிது ஈரத்தைக் காட்டோரக் குட்டையை நோக்கி இழுக்கிறாள். முதல் குட்டி நீர் வாசனைக்குத் தும்பிக்கையை உயர்த்தும் கட்டத்தோடு பதினான்காம் பக்கம் முடிகிறது. வயலில் கால்பங்கு ராகி மிதிபட்டுத்தான் போனது. அதைத் தடுக்கும் சக்தியை எவருக்கும் நான் கொடுக்கவில்லை.

கார்த்திகையில் இரண்டாம் பதிப்பு எடுத்து, புதிய பக்கங்களிலிருந்து மீண்டும் பன்னிரண்டு நிழலுருக்களை வெட்டி அக்கா மகளிடம் கொடுத்தேன். பதினொன்றைத் தயங்காமல் பிரித்துவைத்தாள். பன்னிரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது பெண்ணை பக்கவாட்டில் அமர்ந்திருக்கும் படம், தலையும் தோளும் மட்டும்.

“இது எறிவேலன் தாத்தாவா, அந்த அக்காவா?”

“எதனால சந்தேகம்?”

“மூக்கு ஒண்ணா இருக்கு மாமா. உங்க மூக்கு.”

கண்ணாடியின் முன்னால் போய்ப் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. மறந்துபோய் எந்த முகத்தையும் வரையத் தொடங்கினால் என் கை முதலில் ஒரு வட்டத்தைப் போட்டு, அதிலிருந்து அந்த மூக்கைத்தான் இறக்கிக்கொண்டிருக்கிறது. அடுத்த இதழுக்கு வட்டத்திலிருந்து தொடங்காமல் மூக்கிலிருந்தே தொடங்குவது என்று வைத்திருக்கிறேன். கடைக்கு நகலெடுக்க வருபவர்களின் மூக்குகளை, அவர்கள் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், ரசீதுப் புத்தகத்தின் பின்புறத்தில் பென்சிலால் குறித்துவருகிறேன். இதுவரை நாற்பத்தாறு சேர்ந்திருக்கின்றன. பெண்ணைக்கு நேற்று ஒன்று கிடைத்தது.